பிளாஸ்டிக் பூவுக்குக் குளிர்ந்தது

பிள்ளை,

போனை எடுத்ததும் நீ கேட்கிற முதல் கேள்வி ஒரு காலத்தில் "அப்பா, எப்பிடி இருக்கிறியள்" என்பதாக இருந்தது. ஸ்கொட்லாந்துக்கு, அபர்டீனுக்குப் போன நாளிலிருந்து அது "அப்பா, எத்தனை டிகிரி" என்று மாறிவிட்டது. நானும் எழுந்துபோய், ஹோலைச் சூடாக்குகிற அடுப்பின் நெற்றியில் இருக்கிற சின்னத் திரையைப் பார்த்து, வானிலை அறிக்கை வாசிக்கிறவரின் குரலில் எண்ணைச் சொல்வேன். நீ "சரி" என்பாய். அதன் பிறகுதான் நாங்கள் தகப்பனும் மகளுமாகக் கதைக்கத் தொடங்குவோம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கலியாணம் செய்துபோன மகள் நாள்தோறும் பெற்றோரின் வெப்பநிலையை விசாரிப்பது மெச்சத்தக்க பழக்கம். மற்ற வீடுகளில் விசாரிப்பது பெரும்பாலும் வீட்டின் விலையைத்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தபோது வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். அங்கே ஆஸ்பத்திரியில் உனக்கு நிரந்தர வேலை தரக் கேட்டிருக்கிறார்களாம். நீ இன்னும் பதில் சொல்லவில்லையாம். "மாமிக்கு இந்த விண்டர் முடியட்டும் எண்டு பாக்கிறா, மாமா" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே விளங்கி, உடனே அங்கத்தைய மீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். நல்ல பிள்ளை. பேச்சை மாற்றத் தெரியவில்லை. கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, பழகிவிடுவார்.

ஆகவே இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "அப்பா, வெயிட்" என்பாய். கடிதத்தில் உனக்கு அது ஏலாது. நான் சொல்ல வந்தது அடுப்பைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அடுப்பைவிட்டு எட்டிப் போய், பூச்சாடிக்குள் ஒளிந்திருந்து சூட்டை அளக்கிற அந்தச் சென்சரைப் பற்றி. அதை அங்கே வைத்தவள் நீ. ஒரு சென்சரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் இதற்கு முன்னர் யாரும் பதில் சொன்னதில்லை. கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

நீ பிறப்பதற்கு முன்னர் நாங்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் கீழறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரரும் எங்கள் ஆள்தான், மேல்மாடியில் இருந்தார். தான் இருக்கிற இடத்தின் சூட்டைப் பார்த்து வீட்டு ஹீற்றிங்கைப் போட்டு நிறுத்துகிற குமிழ் அவருடைய அறைக்குள் இருந்தது. அவருடைய அறை குசினிக்கு மேலே. குசினி அடுப்பின் சூடெல்லாம் அங்கேதான் போகும். ஆகவே அவருக்கு எப்போதும் இதமாக இருந்தது. அவருக்கு இதமாக இருந்தபடியால் வீட்டுக்கும் இதமாக இருக்கிறது என்று குமிழ் முடிவெடுத்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. பின்னேரங்களில் படியில் நின்று அக்கறையாக விசாரிப்பார்: "தங்கச்சி, குளிரேல்லைத்தானே?" பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது ஒரு கலை. அம்மா வாயிலிருந்து ஆவி பறக்க நின்றபடி "இல்லை அண்ணை" என்பார். அவர் திருப்தியோடு மேலே போவார். பிறகு நான் வாசித்த வரலாறுகளிலும் பார்த்த அரசாங்கங்களிலும் இதே ஏற்பாட்டைக் கண்டேன். குமிழ் ஆளுகிறவரின் அறையில் இருக்கும். விசாரணை படியில் நடக்கும். குளிர் கீழறையில் இருக்கும். நாங்கள் அந்த வீட்டைவிட்டு வந்தபோது சட்டி பானைகளோடு அந்தப் பதிலும் எங்களோடு வந்துவிட்டது. அம்மாவிடம் யார் கேட்டாலும், எந்த மாதத்தில் கேட்டாலும், பதில் ஒன்றுதான்: "குளிரேல்லை."

மோர்டனில் இந்த வீட்டை வாங்கியபோது குமிழ் எங்கள் கைக்கு வந்தது. ஆனால் இந்த நாட்டுக் கட்டடக்காரர்கள் அதை வாசல் நடையில் பொருத்தியிருந்தார்கள். வாசல் நடையில் யாரும் இருப்பதில்லை. கோட்டுகள் இருக்கின்றன, சப்பாத்துகள் இருக்கின்றன, ஈரக் குடைகள் இருக்கின்றன. இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் குளிரா சூடா என்று தீர்மானித்தவை அவைதான். கோட்டுகளுக்கு வெப்பம் போதும் என்றால் வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் நின்றுவிடும். ஹோலில் அம்மா இரண்டு ஜம்பரும் மூன்று சோடிக் காலுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீயும் நானும் வேலைக்குப் போனதும் வாசல் நடைக்கு வந்து குமிழையும் குறைத்துவிடுவார். ஒருத்திக்காக ஒரு வீட்டையே சூடாக்குவது அவருக்கு ஆடம்பரமாகப் பட்டது. அந்த ஒருத்தி தான்தான் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒரு குளிர்காலத்தில் நியூமோனியா. அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் நியூமோனியா. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் முகமூடியோடு படுத்திருந்த அம்மாவிடம் நேர்ஸ் போர்வை வேண்டுமா என்று கேட்டபோது, அம்மா முகமூடியைத் தூக்கி, ஆங்கிலத்தில், குளிரவில்லை என்றார். நீ கட்டிலின் மறுபக்கத்தில் நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழவில்லை. ஒரு முடிவுக்கு வந்தவளின் முகம் அது. மூன்றாவது தடவை வந்தால் நுரையீரல் தாங்குமோ தெரியாது, வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருங்கள் என்று டொக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். நீ தலையாட்டவில்லை, எத்தனை டிகிரி என்று கேட்டாய்.

அம்மா நாளெல்லாம் இருக்கிற ஹோலுக்குத் தனியாக ஒரு பெலட் அடுப்பு என்று நீ சொன்னபோது, சொந்தத்தில் எழுந்த முதல் குரல் வெஸ்ட் ஈலிங் மாமாவுடையது. தன் தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ஒருநாள் விடாமல் சூப் கொண்டுவந்தவர். ஆகவே ஏசுவதற்கு உரிமை உள்ளவர். "மச்சான், ஊரிலை விறகு ஊதி ஊதிக் கண் போச்சு எண்டுதானே இஞ்சை காஸுக்கு வந்தனாங்கள். நீங்கள் லண்டனிலை இருந்துகொண்டு காஸை விட்டிட்டு விறகுக்குப் போறியளோ?" நான் விளக்கினேன். இது விறகு அல்ல, மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகள். மேலே பெட்டியில் கொட்டிவிட்டால் அடுப்பு தனக்கு வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்து எரித்துக்கொள்ளும். கவுன்சில் அனுமதிக்கிற, புகை தள்ளாத வகை. மாமா ஒரு குச்சியை எடுத்து மணந்து பார்த்தார். "கோழித்தீன் மாதிரிக் கிடக்கு" என்றார். "அடுப்புக்குத் தீன் போடுற குடும்பம் உலகத்திலை நீங்கள்தான்." பிறகு நெருப்புக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, இரவுச் சாப்பாடு வரைக்கும் எழும்பவில்லை.

அடுப்பு நல்ல அடுப்பு. ஆனால் அதற்கு ஒரு குணம். அறையில் எவ்வளவு வெப்பம் என்று அதற்குத் தானாகத் தெரியாது. பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய வயர் வருகிறது. வயரின் முனையில் கராம்பு அளவில் ஒரு சென்சர். அந்தக் கராம்பு எங்கே இருக்கிறதோ அதுதான் அடுப்புக்கு உலகம். தொழிற்சாலையில் அதை அடுப்பின் முதுகிலேயே கொளுவி அனுப்பியிருந்தார்கள். தொழிற்சாலைக்குத் தெரியாததா என்று நான் அப்படியே விட்டேன். அடுப்பு மூட்டிய கொஞ்ச நேரத்தில் தன் முதுகுச் சூட்டைத் தானே பார்த்து, ஊரெல்லாம் சுபிட்சம் என்று அறிவித்து, சுவாலையைத் தணித்துக்கொண்டது. இப்படி ஒரு அடுப்பை நான் எந்தத் தேர்தல் மேடையிலும் நிறுத்துவேன். அடுத்ததாக, புத்திசாலித்தனமாக, வயரை இழுத்து யன்னல் ஓரத்தில் ஒட்டினேன். யன்னலோ வெளியே பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு அதைக் கேட்டுப் பதறி, முழு மூச்சாக எரிய, நான் மார்கழி மாதத்தில் பெனியனோடு இருந்து பத்திரிகை வாசித்தேன். அம்மா வந்து பார்த்தார். "உந்த வயர் என்ன, கொடி கட்டினது மாதிரி? ஆக்கள் வந்தால் என்ன நினைப்பினம்?" கழற்றி அடுப்புக்குப் பின்னால் சுருட்டிப் போட்டார். திரும்பவும் சுபிட்சம்.

அப்போதுதான் நீ இரண்டு காரியம் செய்தாய். இரண்டையும் நான் இன்றைக்கும் வியக்கிறேன். முதலாவது, அடுப்போடு வந்த கையேட்டை வாசித்தாய். எங்கள் வம்சத்தில் கையேடு என்பது பிளாஸ்டிக் உறையோடு மேசை லாச்சிக்குள் வைக்கிற சாமான். யாராவது அதை உறையிலிருந்து எடுத்தது அதுதான் முதல் தடவை. சென்சர் உள்சுவர்ப் பக்கம் இருக்கவேண்டும், வெயிலோ கதவுக் காற்றோ அடுப்பின் சூட்டுக்காற்றோ நேரே படக்கூடாது, கதிரையில் இருக்கிற ஆளின் நெஞ்சளவு உயரம் நல்லது, மூடி வைக்கக்கூடாது, காற்று போய்வர வேண்டும் என்றெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினாய். இரண்டாவது காரியம் கையேட்டில் இல்லாதது. கதிரையில் இருக்கிற ஆள் என்று அதில் போட்டிருந்தது. "எந்த ஆள், அப்பா?" என்று நீ கேட்டாய்.

உன் தொழில் காது சோதிப்பது. "எனக்கு நல்லாக் கேக்குது" என்று சொல்லாத ஒருவரும் உன் அறைக்குள் வந்ததில்லை என்று நீ சொல்லிச் சிரித்திருக்கிறாய். கூட்டிவந்த மனைவிமார் பின்னால் நின்று கையை விரிப்பார்களாம். நீ அவர்களோடு வாதாடுவதில்லை. காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமத்துங்கோ என்பாய். வாய் என்ன சொன்னாலும் விரல் உண்மையைச் சொல்லிவிடும். அம்மாவின் "குளிரேல்லை"யையும் நீ அப்படித்தான் எடுத்துக்கொண்டாய். திருத்தவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. நான் முப்பது வருஷமாக "குளிருதோ" என்று கேட்டு, ஒரே பதிலை வாங்கி, என் கடமை முடிந்தது என்று பத்திரிகைக்குத் திரும்பியவன். நீ கேள்வியை வாயிடமிருந்து எடுத்து இடத்திடம் கொடுத்தாய்.

அம்மாவின் கதிரைக்கு இடப்பக்கம், உள்சுவரை ஒட்டி, அந்தச் சின்ன மேசை. மேசையில் பூச்சாடி. பூச்சாடியில் யாரோ வீடு குடிபுகுந்தபோது தந்த பிளாஸ்டிக் ரோசாக்கள். அவற்றை யாரும் பார்ப்பதில்லை; ஒளிப்பதற்கு அதைவிட நல்ல இடம் உண்டா? பொருத்த வந்தவரைக் கொண்டு வயரை நீளமாக்கினாய். சுவரடிப் பலகையின் விளிம்போடு கொண்டுவந்து, மேசைக்காலின் பின்பக்கத்தால் ஏற்றி, சாடிக்குள் வரும் பகுதிக்கு மட்டும் பச்சை நகப்பூச்சு பூசி, முனையை இரண்டு ரோசாக்களுக்கு நடுவில் மொட்டுப் போல நிற்க வைத்தாய். முனைக்குப் பூச்சு பூசவில்லை. "அதுக்குத் தோல் தடிச்சால் உணராது, அப்பா" என்றாய். அம்மா கோயிலால் வந்து கதிரையில் இருந்து, சுற்றிப் பார்த்து, "இப்பதான் வீடு வீடாக் கிடக்கு, வயர் ஒண்டையும் காணேல்லை" என்றார். மொட்டு அவருடைய இடது தோளிலிருந்து ஒரு முழத்தில் நின்றது. அன்றைக்கு முதல்முறையாக எங்கள் வீட்டில் குமிழ் ஆளுகிறவரின் அறையிலிருந்து இறங்கி, குளிர்கிற ஆளின் பக்கத்தில் வந்து நின்றது.

அப்படியும் ஒரு பிழை வந்தது. நினைவிருக்கிறதா? காலையெல்லாம் சரியாக இருக்கும். பின்னேரம் நான்கு மணி போல அடுப்பு தணிந்துவிடும். சரியாக அம்மா இரண்டாவது ஜம்பரை எடுக்கிற நேரம். அடுப்பில் கோளாறு என்று நான் ஆளைக் கூப்பிடப் போனேன். நீ ஒரு சனிக்கிழமை முழுவதும் சோபாவில் புத்தகத்தோடு இருந்தாய். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. நான்கு மணிக்கு அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, ஆவி பறக்கிற கோப்பையைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தார். மொட்டுக்கு வேர்த்தது. அடுப்பு அடங்கியது. அம்மா ஜம்பரை எடுத்தார். "குளிருதோ அம்மா?" என்று நீ கேட்டாய். "குளிரேல்லைப் பிள்ளை, சும்மா" என்றார். நான் என்றால், கோப்பையை அங்கே வைக்காதேயும் என்று சொல்லி, ஏன் என்று அவர் கேட்டு, எல்லாம் வெளியே வந்திருக்கும். நீ அடுத்த கிழமை கதிரையின் வலப்பக்கத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கி வந்தாய். அம்மா வலக்கைக்காரி. ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அதன் மேல் அவருடைய கண்ணாடிக் கூட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாய். இரண்டு நாளில் கோப்பை தானாக இடம் மாறியது. இந்த உலகத்தில் சட்டம் இயற்றுகிறவர்கள் பலரை நான் அவதானித்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான வேலையை நான் கண்டதில்லை.

ஆனால் பிளாஸ்டிக் பூவைக் கழுவுகிற சாதி நாங்கள் என்பதை நீ மறந்துவிட்டாய். பொங்கலுக்கு முதல் வீடு துப்புரவாக்கும்போது அம்மா சாடியைத் தூக்கினார். சாடியோடு வயரும், வயரோடு மேசையும் புறப்பட்டன.

"இஞ்சாருங்கோ! பூவுக்குள்ளை வயர்!"

நான் குசினியில் காது கேளாதவன் ஆனேன். நீ மாடிப்படியால் ஓடி வந்தாய்.

"உதென்ன பிள்ளை, ஒட்டுக் கேக்கிற சாமானோ? போன ஞாயிறு மாப்பிள்ளை பகுதி வந்திருந்தவையெல்லே. அந்த மாமி இந்தப் பக்கம்தானே இருந்தவ. அவை வைச்சிட்டுப் போனதோ?"

"அம்மா! சீரியஸ்லி? அவை கேக்ஸ் கொண்டுவந்தவை, வயர் கொண்டுவரேல்லை."

"அப்ப ஆர் வைச்சது?"

"நான்தான்."

நீ பொய் சொல்லவில்லை. அதையும் மெச்சுகிறேன், எனக்கு அந்த இடத்தில் வாயில் மூன்று பொய் தயாராக இருந்தது. சென்சர் என்றால் என்ன, அடுப்பு எப்படி அதைக் கேட்டு எரிகிறது என்று நீ சொல்லச் சொல்ல, அம்மா ஒரு கையில் ரோசாவும் மறுகையில் ஈரத் துணியுமாக நின்று கேட்டார். பிறகு ஆறுதலாகக் கேட்டார்:

"அப்ப நான் குளிரேல்லை எண்டு சொல்லேக்கை எல்லாம், உந்தப் பூ குளிருது எண்டு சொல்லிக்கொண்டிருந்ததோ?"

"ஓம் அம்மா."

"நீங்கள் ரெண்டு பேரும் ஆரை நம்பினனீங்கள்?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"பூவை" என்றாய்.

 அம்மா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். பூக்களைக் கொண்டுபோய்ச் சவர்க்காரத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, கொண்டுவந்து சாடியில் அடுக்கி, உன் மொட்டை அது இருந்த இடத்திலேயே நிறுத்தினார். "வயர் வெளியிலை தெரியாமல் வை. ஆக்கள் வந்து போற வீடு" என்றார். அந்தக் குளிர்காலம் அம்மாவுக்கு இருமல்கூட வரவில்லை. ஆடி வெயிலில் உன் கலியாணம் நடந்தது. கிங்ஸ் குரொஸில் ரயில் ஏறும்போது நீ என் காதுக்குள் சொன்னது "கவனம் அப்பா" என்பது அல்ல. "பூவிலை எத்தனை எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ" என்றாய்.

இப்போது நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். முதலில் இதைப் படித்துக்கொள்: அம்மா சுகமாக இருக்கிறார். இனி மற்றதைப் படி. போன மாதம் ஒரு பின்னேரம் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹோலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ. எனக்குக் குளிருது."

ரீவியில் யாரோ சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் குரலில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. கத்தியை வைத்துவிட்டுப் போனேன். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கோப்பை வலப்பக்க ஸ்டூலில். மொட்டு தன் இடத்தில். நான் கணவன்மார் எல்லாரும் செய்வதைச் செய்தேன், திரையைப் பார்த்தேன்.

"இருபத்தொண்டு நிக்குது" என்றேன்.

"நான் அடுப்பைக் கேக்கேல்லை. உங்களுக்குச் சொல்லுறன். எனக்குக் குளிருது."

நான் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப ஆரை நம்பிறியள்?" என்றார். "என்னையோ, பூவையோ?"

"உம்மை" என்றேன்.

நெற்றியில் கை வைத்தேன்; கொதித்தது. அறை இருபத்தொன்றில் இருக்க ஆள் நடுங்கினால் குளிர் அறையில் இல்லை என்று எனக்கே விளங்கியது. அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போனேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நல்லவேளை தொடக்கத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றார். முந்திய இரண்டு தடவையும் நாங்கள் போனபோது சொன்ன சொல் அது அல்ல. அவர் தந்த குளிசையோடு காய்ச்சல் வீட்டிலேயே மாறியது. மாமா சூப்போடு வந்தார். அடுப்புக்கு முன்னால் இருந்து, கோழித்தீனை இன்னொருதரம் ஏசிவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுவதும் நீ போனில் கேட்டபோதெல்லாம் நான் "இருபத்தொன்று" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணில் ஒரு பிழையும் இல்லை. அந்த எண்ணில் உள்ள குறையும் அதுதான்.

சுகமான பிறகு அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு எப்படி அந்தச் சொல் வந்தது என்று. அம்மா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "பிள்ளை அண்டைக்கு நேராச் சொன்னவளெல்லே, பூவைத்தான் நம்பினனாங்கள் எண்டு. நான் கனநேரம் அந்தப் பூவைப் பாத்துக்கொண்டிருந்தனான். அதுக்கு ஒண்டும் தெரியேல்லை. எனக்குத்தான் தெரிஞ்சுது. பிறகு நான்தானே சொல்லவேணும்." இதைவிட நல்ல முறையில் இதை விளக்க எனக்குத் தெரியாது. எத்தனையோ கேள்விகளுக்கு அசையாத ஒரு பதிலை நீ கேள்வி கேட்காமல் அசைத்துவிட்டாய். நீ ஒளித்து வைத்தபடியால் அவருடைய வீட்டில் சூடு வந்தது. நீ ஒளிக்காமல் சொன்னபடியால் அவருடைய வாயில் சொல் வந்தது. சென்சரை எங்கே வைக்கவேண்டும் என்பதையும் எப்போது வெளியே எடுக்கவேண்டும் என்பதையும் ஒரே ஆள் தெரிந்து வைத்திருப்பது அபூர்வம்.

ஒரு விளைவையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். சொல் வந்த பிறகு அது நிற்பதாக இல்லை. அம்மா முப்பது வருஷத்து நிலுவையைச் சேர்த்துச் சொல்கிறார். ரீவியில் பனி காட்டினால் குளிருது. மாமா வீட்டுக்குப் போனால், அங்கே சோபாவில் இருந்தபடியே, "அண்ணை, உங்கடை வீடு குளிருது" என்கிறார். மாமா எழும்பி ஹீற்றரைப் போடுகிறார். அதைவிட, உன் தந்திரத்தையும் கற்றுக்கொண்டுவிட்டார். அறை கூடச் சூடாகிவிட்டது என்று தோன்றினால், என்னிடம் சொல்லாமல், கோப்பையை வலப்பக்கத்திலிருந்து எடுத்துப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைக்கிறார். அடுப்பு அடங்குகிறது. வேண்டியபோது திரும்ப எடுக்கிறார். அந்தக் கீழறையில் "இல்லை அண்ணை" என்று நின்ற பெண் இப்போது ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் ஒரு நெருப்பை ஆட்சி செய்கிறார். நான் பெலட் மூட்டை தூக்குகிற உத்தியோகத்தில் இருக்கிறேன். எனக்கு வேலை நிரந்தரம்.

உன் வேலையும் நிரந்தரம் ஆகட்டும். நாளைக்கே அவர்களுக்கு ஓம் என்று சொல். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ரயிலேறி வந்து பூச்சாடிக்குள் எட்டிப் பார்க்கிற வேலையை விடு. வருவதென்றால் சாப்பிட வா. மருமகன் எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்கிற ஆள் என்று கவனித்தேன். இந்த வீட்டில் வளர்ந்த உனக்கு அந்தச் சொல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் குமிழ் எங்கே இருக்கிறது, அவர் எங்கே இருக்கிறார் என்று ஒருநாள் பார். தூரம் கூடவென்றால் என்ன செய்யவேண்டும் என்று உனக்குத் தெரியும். அவருக்கும் ஒருநாள் பூவைப் பற்றி உண்மையைச் சொல்.

இனி போன் எடுக்கும்போது என்னிடம் எத்தனை டிகிரி என்று கேளாதே. அம்மாவிடம் கொடுக்கச் சொல். "குளிருதோ அம்மா" என்று கேள். பதிலைக் கேட்டு நம்பலாம்.

இதை நான் வாசல் நடையில், கோட்டுகளுக்குக் கீழே, சப்பாத்துப் பெட்டியின் மேல் இருந்து எழுதுகிறேன்; அம்மா கண்டால் திருத்துவார் என்பதால். கண்டுவிட்டார் போலிருக்கிறது. உள்ளேயிருந்து குரல் வருகிறது: "எழுதிறதை எழுதுங்கோ. ஆனால் கதவைச் சாத்திப்போட்டு எழுதுங்கோ. எனக்குக் குளிருது."

சாத்தப் போகிறேன், பிள்ளை.

அப்பா